ஸ்மார்ட் மீட்டரை வைத்து வீட்டு மின்செலவைக் கண்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் மின்செலவு தானாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வீட்டின் மொத்தக் கணக்கை நேரம் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை. அதைச் செய்யும் முறைதான் இந்தப் பக்கம்.

வாட், யூனிட்: இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் தீராமல் மேலே எதுவும் புரியாது. வாட் என்பது வண்டி ஓடும் வேகம் மாதிரி. யூனிட் என்பது ஓடி முடித்த தூரம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி. 10 வாட் எல்இடி பல்ப் 100 மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான்.

2000 வாட் ஹீட்டரைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பத்து நிமிடம் ஓடினால் அதற்கு 0.33 யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி 15 மணி நேரம் சுற்றினால் 1.125 யூனிட். வேகம் குறைவு, ஆனால் நாள் முழுக்க ஓடுகிறது. ஆகவே ஒரு சாதனத்தைப் பற்றி யோசிக்கும்போது வாட்டையும் மணியையும் சேர்த்தே பாருங்கள்.

பழைய மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் என்ன வித்தியாசம்?

அளப்பது ஒன்றேதான். கூடுதலாக, ஒவ்வொரு 15 அல்லது 30 நிமிடத்துக்கும் எவ்வளவு மின்சாரம் போனது என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். அதை செல்போன் வலையமைப்பு, ரேடியோ அலை, மின்கம்பி ஆகியவற்றில் ஏதோ ஒரு வழியாக அனுப்பிவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கியது, மின்சாரம் நின்றது, மூடியைத் திறந்தது போன்றவையும் பதிவாகும். பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு ரிலே இருக்கும். அதை வைத்துத் தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் முடியும்.

திரையில் எண்கள் மாறிமாறி வருகின்றன. எதைக் குறித்துக்கொள்வது?

பல மீட்டர்களில் ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஒரு குறியீட்டு எண் வரும். முக்கியமானவை இவை: 1.8.0 என்றால் இதுவரை வாங்கிய மொத்த யூனிட். 1.8.1, 1.8.2 என்பவை நேரத்துக்கு ஒரு கட்டணம் இருக்கும் இடங்களில் தனித்தனிக் கணக்குகள். 2.8.0 நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட். சோலார் இல்லாத வீட்டில் இது சுழியாகவே இருக்கும். 1.7.0 இந்த நொடியில் ஓடும் லோடு. 1.6.0 உச்ச லோடு. 32.7.0 வோல்டேஜ், 31.7.0 ஆம்பியர், 13.7.0 பவர் ஃபேக்டர்.

தினசரிக் கணக்குக்கு 1.8.0 ஒன்றே போதும். குறியீடு காட்டாத மீட்டராக இருந்தால், கிலோவாட்-மணி என்ற அலகுடன் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கேவிஏ-மணி என்று இன்னொரு எண் வரலாம். அது கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

முகப்பில் மினுக்கும் சிறிய சிவப்பு விளக்கு எதற்கு?

வீட்டில் இருக்கும் மிகத் துல்லியமான கருவி அதுதான். காசு செலவில்லாமல் கிடைத்திருக்கிறது, பலரும் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்று விளக்கின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 1000, 1600, 3200 ஆகியவை அடிக்கடி காணப்படும் எண்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000-ஆல் பெருக்கி, அச்சிட்டிருக்கும் எண்ணால் வகுத்தால் இப்போது ஓடும் வாட் கிடைத்துவிடும்.

3200 என்று போட்ட மீட்டர், நிமிடத்துக்கு 16 மினுக்கல் என்று வைத்துக்கொள்வோம். 16 × 60,000 ÷ 3200 = 300 வாட். இப்போது ஒரு மின்விசிறியைப் போட்டுவிட்டு மறுபடி எண்ணினால் 20 வருகிறது. 20 × 60,000 ÷ 3200 = 375. அந்த மின்விசிறி 75 வாட் எடுக்கிறது.

லோடு மிகக் குறைவாக இருந்தால் ஒரு நிமிடத்தில் ஒன்றிரண்டு மினுக்கல்தான் வரும், கணக்கு தவறும். அப்போது இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1000 போட்ட மீட்டரில் 3600-ஐ அந்த விநாடியால் வகுக்க வேண்டும்; 3200 போட்டதில் 1125-ஐ. 1000 மீட்டரில் 45 விநாடி இடைவெளி என்றால் 80 வாட். லோடு அதிகமாகி விளக்கு படபடவென்று அடித்தால் கண்ணால் எண்ண முடியாது. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். சோதனை முடியும்வரை பிரிட்ஜை அணைத்து வைப்பது இன்னும் நல்லது. கதவைத் திறக்காமல் இருந்தால் அரை மணி நேரத்தில் உள்ளே எதுவும் கெடாது.

கெட்டில் போட்டேன், செயலியில் ஏற்றமே தெரியவில்லையே?

மீட்டர் ரீடிங்கைக் காட்டும் மின் நிறுவனத்தின் செயலியில் நீங்கள் பார்ப்பது சராசரி. 1500 வாட் கெட்டில் 4 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். அரை மணி நேரக் கட்டத்தில் அதைப் பரப்பினால் வெறும் 200 வாட் ஏற்றம்தான் தெரியும். குறைந்த நேரம் ஓடும் பெரிய லோடுகளை அரை மணிக் கணக்கில் தேடாதீர்கள். மினுக்கும் விளக்குதான் அதற்குச் சரி.

இன்னும் மூன்று குழப்பங்கள் வரும். ஒன்று, பெரும்பாலான இடங்களில் தரவு உடனே வராது. சில மணி நேரமோ ஒரு நாளோ தாமதமாகும். இரண்டு, "10:30" என்று போட்டிருப்பது 10:30-க்குத் தொடங்கிய கட்டமா, 10:30-க்கு முடிந்ததா என்பது இடத்துக்கு இடம் மாறும். தெரிந்த நேரத்தில் ஒரு ஹீட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மூன்று, சிக்னல் இல்லாத நேரத்தில் கட்டங்கள் காலியாக இருக்கும், அல்லது மதிப்பீட்டால் நிரப்பியிருப்பார்கள். வரிசையாகப் பல கட்டங்களில் ஒரே எண் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் உள்ளே மொத்த ரீடிங் அழியாது என்பதால் இரண்டு தேதிகளுக்கு இடையேயான கழித்தல் எப்போதும் சரியாகவே இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

அடிப்படை லோடிலிருந்து. யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலும் வீடு இழுத்துக்கொண்டே இருக்கும் மின்சாரம் அது. செயலியில் அதிகாலை 2 முதல் 4 மணி வரையுள்ள கட்டங்களை ஏழு இரவுகளுக்குப் பாருங்கள். அவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அரை மணிக் கட்டம் என்றால் 2-ஆல் பெருக்குங்கள், கால் மணிக் கட்டம் என்றால் 4-ஆல்.

அரை மணிக்கு 0.06 யூனிட் வந்தால் 0.12 கிலோவாட், அதாவது 120 வாட். ஒரு நாளைக்கு 2.88 யூனிட். ஆண்டுக்கு ஏறக்குறைய 1050 யூனிட். யாரும் சுவிட்சைத் தொடாமலேயே இவ்வளவு!

நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எண்: இடைவிடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட். ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவில் மின்விசிறியோ ஏசியோ ஓடும் காலத்தில் இந்த முறை பலிக்காது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போன பகலின் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை லோடு அதிகமாக இருக்கிறது. எது இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவர் மீட்டரிடம், இன்னொருவர் எம்சிபி (ஒவ்வொரு சர்க்கியூட்டையும் தனியாக அணைக்கும் சுவிட்ச்) பெட்டியிடம். ஏசி, ஹீட்டர், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் சுவிட்சில் அணையுங்கள். ஆனால் எப்போதும் செருகியே இருக்கும் பொருள்களை அப்படியே விடுங்கள். கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டுத் தொடங்குங்கள். மினுக்கல் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு மினுக்கலாவது வரும்வரை காத்திருந்து இடைவெளியைப் பாருங்கள். எந்த எம்சிபியை இறக்கியதும் இடைவெளி தாவிக் கூடுகிறதோ, அந்தச் சர்க்கியூட்டில்தான் ஆள் இருக்கிறார். அங்கே போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குங்கள்.

வழக்கமாகச் சிக்குபவை: செட்டாப் பாக்ஸ் (ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் உள்ளே விழித்தே இருக்கும்), வைஃபை ரூட்டர், இன்வெர்ட்டர், கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி, ஸ்பீக்கர், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அழைப்பு மணி. செல்போன் சார்ஜரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். போன் மாட்டாமல் சும்மா இருக்கும் இப்போதைய சார்ஜர் ஒரு வாட்டில் ஒரு சிறு பங்குதான் எடுக்கும். அதை விட்டுவிட்டு இன்வெர்ட்டரைக் கவனியுங்கள். பேட்டரி நிறைந்த பிறகும் அது இழுத்துக்கொண்டிருந்தால், பேட்டரி வயதாகி மிதவை மின்னோட்டம் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்க ஓடும் சிறிய மின்னோட்டம்) கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறது என்று ஒரு மணி நேரம் அளந்தால் போதாதா?

போதாது. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பனி தானாகக் கரையும் வகையில் உள்ளே ஒரு ஹீட்டரும் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். அந்த நேரத்தில் அளந்தால் பயந்துபோவீர்கள், அது ஓடாத நேரத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் ஒரு வாரம் பிளக் மீட்டரில் (சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகி யூனிட்டை அளக்கும் கருவி) விட்டு, நாள் சராசரியை எடுங்கள்.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது என்று தெரிந்தால் முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. அடுத்து, பின்பக்கம் காற்றோட்டம் இருக்கிறதா, கம்பிச் சுருளில் தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுடுநீருக்கு எவ்வளவு ஆகிறது?

இதை மீட்டர் இல்லாமலேயே கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 1.163 வாட்-மணி தேவை. 15 லிட்டரை 30 டிகிரி உயர்த்த 15 × 30 × 1.163 = 523 வாட்-மணி, ஏறக்குறைய அரை யூனிட். 2000 வாட் ஹீட்டரில் இதற்குப் பதினாறு நிமிடம் ஆகும்.

காயிலால் சூடாக்கும் ஹீட்டர் எந்த பிராண்டாக இருந்தாலும் இந்த அரை யூனிட்டைக் குறைக்க முடியாது. நீரின் அளவையோ வெப்பநிலையையோதான் குறைக்கலாம். ஆனால் டேங்க் வைத்த ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால், ஆறும் நீரை அது மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டிருக்கும். அந்த வீண்செலவை அறிய, யாரும் சுடுநீர் எடுக்காத ஒரு நாளில் ஹீட்டரைப் போட்டே வைத்து, 24 மணி நேர யூனிட்டை அது அணைந்திருந்த இன்னொரு நாளோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் மோட்டார்?

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் தரும் திறன். சிறிய மோட்டார்கள் அதற்காக 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். இங்கே வாட்டை விட நேரம்தான் துப்பு. 20 நிமிடத்தில் நிறைந்த டேங்க் இப்போது 35 நிமிடம் எடுக்கிறது என்றால் ஃபுட் வால்வ் (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு) கசிகிறது, வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கிறது. நாளுக்கு ஒருமுறை ஓடியது இருமுறை ஓடினால் வீட்டில் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கைப் பாருங்கள்.

ஸ்மார்ட் பிளக் வாங்கலாமா, கிளாம்ப் மீட்டரா?

ஒரே ஒரு பிளக் மீட்டரை வாங்கி, வாரத்துக்கு ஒரு சாதனமாக மாற்றி மாற்றி வைப்பது சிக்கனம். ஏசி, ஹீட்டர் போன்றவற்றில் மாட்டும் முன் பிளக்கின் ஆம்பியர் வரம்பைப் பார்த்தே ஆக வேண்டும். 10 ஆம்பியர் பிளக்கில் 3000 வாட் ஹீட்டரை மாட்டினால் உள்ளே உருகும். ஒன்றிரண்டு வாட் லோடுகளில் மலிவான பிளக் மீட்டர்களை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வைஃபை பிளக் என்று பத்து மாட்டினால், அவையே அடிப்படை லோடைக் கூட்டிவிடும்.

கிளாம்ப் என்பது வயரை வெளியிலிருந்தே கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி. மொத்த வயரிங்கில் ஒரு சர்க்கியூட்டைத் தொடர்ந்து கவனிக்க உதவும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் சுழிதான் காட்டும், ஏனென்றால் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒற்றை வயரைத்தான் கவ்வ வேண்டும். மேலே உள்ள அம்புக்குறி திரும்பியிருந்தால் கணக்கு எதிர்மறையாக வரும். வோல்டேஜையும் சேர்த்து அளக்காத கிளாம்ப், ஆம்பியரை ஒரு நிலையான வோல்டேஜால் பெருக்கிச் சொல்கிறது. மோட்டார்களிலும் எல்இடி விளக்குகளிலும் அது அதிகமாகக் காட்டும். இதை மாட்ட மின்பெட்டியைத் திறக்க வேண்டும், அது எலெக்ட்ரீஷியன் வேலை.

சில நாடுகளின் மீட்டர்களில் வீட்டுக்காரருக்கென்றே ஒரு தரவு முனை இருக்கிறது. நெதர்லாந்தில் அதை பி1 என்பார்கள்; புதிய மீட்டர்களில் விநாடிக்கு ஒருமுறை ரீடிங் வரும். உங்கள் மீட்டரில் அப்படி ஒன்று இருந்தால் கிளாம்பே வேண்டாம்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம். எப்படிச் சோதிப்பது?

ஹீட்டரின் மேல் போட்டிருக்கும் வாட்டை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஹீட்டர் எடுக்கும் வாட் வோல்டேஜின் இருமடிப்படி மாறும். 230 வோல்ட்டுக்கு 1000 வாட் என்று போட்டது, 210 வோல்ட்டில் 834 வாட்தான் எடுக்கும். 250 வோல்ட்டில் 1180 வாட்.

சரியான சோதனை இது. மற்ற எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு, ஒரே ஒரு ஹீட்டரை அல்லது இஸ்திரிப் பெட்டியை பிளக் மீட்டர் வழியாக ஓட்டுங்கள். பிளக் மீட்டர் 0.100 யூனிட் காட்டும்வரை சிவப்பு விளக்கை வீடியோ எடுங்கள். 1000 மீட்டரில் 100 மினுக்கல், 3200 மீட்டரில் 320 வர வேண்டும். வீட்டு மீட்டர்களுக்குப் பொதுவாக 1 அல்லது 2 சதவீதப் பிழைதான் அனுமதி, ஆனால் பிளக் மீட்டரிலும் பிழை உண்டு. ஆகவே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீடியோவோடு மின் நிறுவனத்திடம் சோதனை கேளுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மினுக்குகிறதே?

ஒரு மினுக்கல் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. தொடர்ந்து மினுக்கினால், மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே ஏதோ இணைந்திருக்கிறது: பொது மாடிப்படி விளக்கு, பக்கத்து வீட்டு வயர், அல்லது கசிவு.

இதன் இன்னொரு வடிவம், மீட்டரில் எர்த் விளக்கு எரிவது. சில மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் மின்னோட்டத்தை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். இரண்டு மீட்டர்களின் நியூட்ரல் எங்கோ ஒன்றாக முடிந்திருந்தால், அடுத்தவர் மின்னோட்டமும் உங்கள் நியூட்ரல் வழியே திரும்பும். இன்வெர்ட்டர் மாட்டும்போது நியூட்ரலைக் கலந்துவிடுவது இதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஹீட்டர் காயிலில் ஈரம் இறங்கி எர்த்துக்குக் கசிந்தாலும் இதே விளக்கு எரியும். 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் கசிந்தால் 115 வாட், நாளைக்கு 2.76 யூனிட். செலவை விட உயிருக்கு ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருந்தால் இவ்வளவு கசியும் முன்பே அது விழுந்திருக்கும்.

எல்இடி விளக்குகளால் மீட்டர் தவறாகக் காட்டும் என்கிறார்களே?

இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தின் ஆய்வு முடிவுகள் 2017-இல் வெளியாயின. டிம்மரோடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) இணைத்த எல்இடி, சிஎஃப்எல் விளக்குக் கூட்டத்தை வைத்து 9 மின்னணு மீட்டர்களைச் சோதித்தார்கள். அவற்றில் 5 மீட்டர்கள் உண்மையை விட மிக அதிகமாகக் காட்டின, உச்சமாக 582 சதவீதம் வரை. 2 மீட்டர்கள் குறைவாகக் காட்டின. மின்னோட்டம் அலையாக இல்லாமல் கூர்மையான துடிப்புகளாக வந்ததும், சில மீட்டர்களின் உணரி அதைச் சரியாகப் படிக்காததும்தான் காரணம்.

ஆனால் அது வேண்டுமென்றே உருவாக்கிய கடுமையான லோடு. வெறும் எல்இடி பல்புகளோடு பிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் ஓடும் வீட்டில் அதே பிழை வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் நிறைய டிம்மர்கள் இருந்தால் அவற்றைப் போட்டும் அணைத்தும் மினுக்கலை எண்ணிப் பாருங்கள்.

சோலார் இருக்கிறது. மீட்டரைப் பார்த்து வீட்டுச் செலவு தெரியுமா?

தெரியாது. பேனலிலிருந்து நேராக வீட்டுக்குள் போன மின்சாரம் அந்த மீட்டரைத் தொடுவதே இல்லை. உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, இறக்குமதியைக் கூட்டுங்கள். சோலார் இன்வெர்ட்டர் 14 யூனிட் உற்பத்தி காட்டுகிறது, வெளியே போனது 9, உள்ளே வந்தது 6 என்றால் வீடு பயன்படுத்தியது 11.

அரை மணி ரீடிங்கிலிருந்து வீட்டு நடமாட்டம் தெரிந்துவிடுமா?

தெரியும். எப்போது எழுகிறீர்கள், எந்த நாள்களில் ஊரில் இல்லை என்பதெல்லாம் அரை மணித் தரவிலேயே தெளிவாக இருக்கும். விநாடிக் கணக்கில் தரவு இருந்தால் சாதனங்களையே பிரித்துச் சொல்லலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே இதை உருவாக்கி, 1992-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். ஆகவே வெளி நிறுவனச் செயலிகளுக்கு மீட்டர் அனுமதி கொடுக்கும்போது எத்தனை நிமிட இடைவெளித் தரவைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வீடு காலியாக இருக்கும்போது வரைபடத்தைப் படம் எடுத்துப் பொதுவெளியில் போட வேண்டாம்.

மீட்டரே மின்சாரம் எடுக்குமே, அதுவும் என் கணக்கிலா?

ஒன்றிரண்டு வாட் எடுக்கும். வழக்கமான அமைப்பில் அது அளக்கும் இடத்துக்கு முன்பாகவே எடுக்கப்படுவதால் உங்கள் யூனிட்டில் சேராது.

ஒரு மாற்றம் செய்தேன். பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

பில்லை பில்லோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 62 நாளுக்கு 372 யூனிட், அடுத்து 56 நாளுக்கு 345 யூனிட் என்றால் குறைந்ததுபோலத் தெரியும். நாள் கணக்கில் 6.0-லிருந்து 6.16-ஆக ஏறியிருக்கிறது. எப்போதும் நாள் சராசரிதான்.

மாற்றத்துக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம், வாரத்தின் அதே கிழமையில் அதே நேரத்தில் 1.8.0-ஐக் குறித்து வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பக்கத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கள்: விருந்தினர், வெயில், ஊருக்குப் போனது, மின்தடை. ஏசி, ஹீட்டர் சார்ந்த மாற்றம் என்றால் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடும் வைத்துப் பாருங்கள். ரூட்டர், செட்டாப் பாக்ஸ் போன்ற சிறிய மாற்றம் மொத்த யூனிட்டில் தெரியாமல் கரைந்துவிடும். அதற்கு அதிகாலைக் கட்டத்தின் குறைந்த எண்ணைப் பாருங்கள், மறுநாளே தெரியும்.